காலியாக விடக்கூடாத கட்டம்

பொன்னழகு பாடிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை.

இதை நான் உடனே கவனிக்கவில்லை. எங்கள் வானொலி அறையில் என் எதிரே இருக்கும் திரையில் எப்போதும் இரண்டு கோடுகள் ஓடும். மேல்கோடு அறைக்குள் வரும் ஒலி. கீழ்க்கோடு இணையம் வழியாக நேயர்களுக்குப் போகும் ஒலி. இரண்டும் ஒன்றுபோல நெளியவேண்டும். அன்று காலை ஏழு பத்துக்கு, "நாலு கண்ணு பொத்தானே, யாரத் தேடிப் பாக்குற" என்று அவள் விடுதியிலிருந்து போனில் எடுத்ததும் கீழ்க்கோடு படுத்துவிட்டது. நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பாடும்போது அப்படித்தான் கேட்பேன். கண்ணைத் திறந்தபோது பாட்டின் கடைசி வரிக்கு வந்திருந்தாள். பாட்டு முடிந்ததும் கோடு எழுந்துகொண்டது.

"கேட்டுச்சாக்கா? இன்னைக்குத் தொண்ட கரகரன்னு இருந்துச்சு."

"நல்லாக் கேட்டுச்சு பொன்னழகு."

ஒலிபரப்பில் இருக்கும்போது எது நடந்தாலும் குரல் நடுங்கக்கூடாது என்பது பதினோரு வருடப் பழக்கம். அந்தப் பழக்கம் எனக்குப் பதிலாகப் பொய் சொன்னது. இரண்டரை நிமிடம் எதுவுமே கேட்காமல் உட்கார்ந்திருந்த ஆறாயிரம் பேர், ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் "நல்லாக் கேட்டுச்சு" என்று சொன்னதை மட்டும் கேட்டார்கள்.

எங்கள் இணைய வானொலியின் பெயர் நூல்கண்டு. திருப்பூர் வீரபாண்டியில் ஒரு இஸ்திரிக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். பேசுவது நான், சுகிர்தா. மற்ற எல்லாமே பியூலா. கம்பி, கணினி, உரிமம், விண்ணப்பம், கட்டடச் சொந்தக்காரரிடம் பல்லைக் காட்டுவது எல்லாம் அவள்தான். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். நான் கோபிச்செட்டிபாளையம், அவள் நாசரேத். அவளுக்கு என்னைவிட நல்ல குரல். "மைக் முன்னாடி உக்காந்தா எனக்குப் பொய் வராது, அதான் உன்னைய உக்கார வச்சிருக்கேன்" என்பாள்.

எங்கள் நேயர்கள் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள். பாதிப்பேர் விடுதிகளில் இருப்பவர்கள். சினிமாப் பாட்டு போட எங்களால் முடியாது. இணைய ஒலிபரப்பு உரிமைச் சட்டம் வந்த வருடமே அது முடிந்துபோனது. மூன்று மணி நேரத்துக்குள் ஒரே பாடகரின் மூன்று பாட்டுக்கு மேல் போடக்கூடாது. அடுத்தது என்ன பாட்டு என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது. நேயர் கேட்ட பாட்டைக் கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் போடக்கூடாது. இத்தனைக்கும் உட்பட்டாலும் உரிமம் வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் நேயர்களையே பாடச் சொன்னோம். அவரவர் கட்டிய பாட்டு. பொத்தான் துளை போடும் காஜா மெஷினைப் பற்றி, சூப்பர்வைசரின் மீசையைப் பற்றி, விடுதிச் சாம்பாரைப் பற்றி. மீசைப் பாட்டுக்குப் பிறகு ஒரு சூப்பர்வைசர் மீசையை எடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது.

பொன்னழகு பொத்தான் தைக்கும் மெஷினில் இருந்தாள். திருப்புவனம் பக்கத்துக்காரி. புருஷன் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். நாலு வயது மகள் கனிஷ்காவை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். பொத்தானுக்கு நாலு கண். அந்த நாலு கண்ணும் யாரைத் தேடுகின்றன என்று ஒவ்வொரு அடியிலும் கேள்வி வரும். சூப்பர்வைசரையா, சம்பளத்தையா, சாப்பாட்டு மணியையா என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் "கனிஷ்காவத்தான் பாக்குறேன்" என்று பொத்தான் பதில் சொல்லும். காலை ஏழு பத்துக்கு ஊரில் அந்தக் குழந்தை எங்கள் வானொலியைப் போட்டுக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும். பொத்தான் தன் பெயரைச் சொன்ன பிறகுதான் வாயைத் திறக்கும். இரண்டு வருடமாக இது நடந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனேன். பியூலா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பொன்னழகு பாட்டு வெளியவே போகலை."

"செவி பிடிச்சிருக்கு."

செவி என்பது இரண்டு மாதங்களுக்கு முன்னால் அரசாங்கம் இணையத்தின் வாயில் உட்கார வைத்த மென்பொருள். திருட்டுத்தனமாகப் பாட்டுப் போடுகிறவர்களைப் பிடிக்க வந்தது என்றுதான் நானே ஒலிபரப்பில் விளக்கியிருந்தேன். நல்லபடியாகவே விளக்கியிருந்தேன்.

"அவளே கட்டின பாட்டுடி அது."

"செவிக்கு அவளையும் தெரியாது, உன்னையும் தெரியாது. மெட்டு பதிவேட்டுல இருக்கா, பாடுத குரல் உரிமைக்காரரோட குரலா, இந்த ரெண்டத்தான் பாக்கும். மெட்டு இருந்து குரல் வேறன்னா கால் நொடியில வாயப் பொத்திரும்."

"வார்த்தையை?"

"பேச்ச விட்டிரும். மெட்டத்தான் முழுங்கும்."

"பதிவேட்டுல யார் பேருல இருக்காம்?"

பியூலா இட்லியைச் சட்னியில் மெதுவாகப் புரட்டினாள். "நம்பருதான் காட்டுது. பேரு வேணும்னா மனு போடணும், மூணு வாரம் ஆவும். விடு ஏட்டி, மெஷின் கோளாறா இருக்கும். தானா சரியாயிரும்."

நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ஆனாலும் அன்றே மனுவை அனுப்பினேன். அவளிடம் சொல்லவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவளுக்குத் தெரியாமல் நான் செய்த முதல் காரியம் அதுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவளுடைய கணக்கு எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பொன்னழகு நேரில் வந்தாள். விடுதியில் பத்திலிருந்து ஒரு மணிவரைதான் வெளியே விடுவார்கள். மாடிப்படியை ஓடி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றாள். குரலைத் தினமும் கேட்டு நான் உயரமான ஒருத்தியை மனதில் வைத்திருந்தேன். இவள் என் தோளுக்குத்தான் இருந்தாள். துப்பட்டாவில் அறுந்த நூல்கள் ஒட்டியிருந்தன.

"அக்கா, ரேடியோவுல கேக்கலைன்னா கூடப் பரவால்ல. போன்லயும் கேக்க மாட்டேங்குது."

"போன்லயா?"

"வீடியோ காலு போட்டுப் பாடுறேன். அவளுக்கு என் வாய் அசையுறது மட்டுந்தான் தெரியுதாம். நாலு நாளா. அவ என்ன சொல்லுறா தெரியுமாக்கா? அத்தகிட்டச் சொல்லுறா, அம்மா பாடுற மாதிரி நடிக்கிது, அம்மாவுக்கு எம் மேல கோவம்னு."

பியூலா உள்ளிருந்து எட்டிப் பார்க்காமலே சொன்னாள். "போனும் ஒலிபரப்புதான். ஒரு ஆளு பாடி இன்னொரு ஆளு இணையம் வழியாக் கேட்டா அது ஒலிபரப்புன்னு இந்த வாரந்தான் கோர்ட்டுல சொன்னாங்க."

"அது என்ன கோர்ட்டோ. ஒரு தாயி பிள்ளைக்குப் பாடுறதயுமா ஒட்டுக் கேப்பாக?"

"மாத்திப் பாடிப் பார்த்தியா?" என்றேன்.

"ரெண்டு எடத்துல மாத்துனேன். அதயும் முழுங்கிருச்சு. நல்லா மாத்திப் பாடுனா விடுது. ஆனா இவ, இது வேற பாட்டு, நீ வேற அம்மாவான்னு கேக்குறா. சும்மா வார்த்தய மட்டும் சொன்னேன். டீச்சர் மாதிரி இருக்குன்னுட்டா." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அவளே பாடிக் காமிக்கிறேன்னு பாடுனாக்கா. அதுவும் எனக்குக் கேக்கல. நாங்க ரெண்டு பேரும் மீனு மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடிட்டு இருந்தோம்."

"ஊருக்குப் போயிட்டு வாயேன்."

"பொங்கலுக்குத்தான் லீவு. இப்ப ஆடிதான நடக்குது. நடுவுல போனா மெஷின வேற ஆளுக்குக் குடுத்துருவாக. ஒழுங்காச் சாப்பிட மாட்டேங்குறாளாம்க்கா. நாத்தனாரு எத்தன நாளைக்குப் பொறுக்கும்? கூட்டிட்டுப் போன்னு சொல்லுச்சுன்னா நான் எங்க கொண்டு வச்சுக்கிடுவேன், ஆஸ்டல்லயா?"

"நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

"நீங்க பாத்துக்கிடுவீகன்னு தெரியும்க்கா. யார் எடுத்துட்டுப் போனானு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அவன் வீட்டு வாசல்லயே போய் உக்காந்து பாடுறேன்."

போகும்போது இட்லி இருக்கிறதா என்று பியூலாவைக் கேட்டு, மிச்சமிருந்த இரண்டை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். பியூலா அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அந்தக் கை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கொஞ்சம்கூடச் சிந்தாமல் ஊற்றியது.

மனுவுக்குப் பதில் மூன்று வாரம் கழித்து, சரியாகச் சொன்னால் இருபதாம் நாள், என் போனுக்கு வந்தது. மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பாட்டின் பதிவு எண் இருந்தது. தற்போதைய உரிமையாளர் சென்னையில் ஒரு நிறுவனம். உரிமையை மாற்றிக் கொடுத்தவர், படைத்தவர் என்ற இரண்டு இடத்திலும் ஒரே பெயர்.

மு. சுகிர்தா.

வேறு சுகிர்தா என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பா பெயரின் முதல் எழுத்துகூட ஒத்துப்போகிற இன்னொருத்தி. கீழே என் முகவரி இருந்தது. என் கட்டைவிரல் ரேகை இருந்தது. அதே பெயரில் இன்னும் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள் பதிவாகியிருப்பதாக ஒரு வரி இருந்தது. வெண்டைக்காய்க்காரர் "நுனிய உடைச்சுட்டு வெச்சுட்டுப் போகாதீங்க" என்று கத்தியபோதுதான் கையில் இருந்ததைக் கீழே வைத்தேன்.

ஒவ்வொரு மாலையும் அன்று ஒலிபரப்பிய பாட்டுகளின் பட்டியலை அனுப்பவேண்டும் என்பது சட்டம் வந்த நாளிலிருந்து இருக்கிறது. பாட்டின் முதல் வரி, பாடியவர், படைத்தவர், நேரம். பியூலா நிரப்புவாள். நான் கிளம்பும் அவசரத்தில் திரையில் கட்டைவிரலை வைத்துவிட்டுப் போவேன். எட்டு வருடமாக, வீட்டுக் கதவைப் பூட்டுவதைப் போல.

மாடிக்குப் போனேன். பியூலா நான் வந்த வேகத்தைப் பார்த்து ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"மனு போட்டியா?" என்றாள்.

"போட்டேன்."

"போடுவன்னு நினைச்சேன்."

"என் பேரு எப்படிடி வந்துச்சு?"

"படைத்தவர்னு ஒரு கட்டம். காலியா விட்டா செவப்பாக் காட்டும், பட்டியல் போவாது. மொத நாளு நானே உன்கிட்டக் கேட்டேன். பாடுனவளுவகிட்டக் கேட்டா, சும்மா பாடுனது, நான் கட்டுனேன்னு போட்டுராதிய, சூப்பர்வைசர் கண்டுபிடிச்சிருவாருங்காளுவ. நீ என்ன சொன்ன? ஏதாச்சும் போட்டு அனுப்பு, எனக்குப் பஸ்ஸு போயிரும்னு சொன்ன."

"ஏதாச்சும்னா என் பேரா? உன் பேரைப் போட்டிருக்கலாமே."

"போட்டிருக்கலாம்." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "என் பேரப் பாத்தா நீ என்னிக்காவது கேள்வி கேப்ப. உன் பேரப் பாத்தா கேக்கமாட்ட."

அவள் சொன்னது சரி. ஏனென்றால் நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால், அச்செடுத்த ஒரு பட்டியல் மின்விசிறிக் காற்றில் பறந்து காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். படைத்தவர் சுகிர்தா, படைத்தவர் சுகிர்தா என்று மேலிருந்து கீழ்வரை. நிகழ்ச்சி தயாரிப்பாளர் என்ற அர்த்தத்தில் போட்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு முன்னால், அந்த விளக்கம் வருவதற்கும் முன்னால், ஒரு சின்னத் தித்திப்பு நாக்கில் பட்டது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இவள் எப்படியோ பார்த்திருக்கிறாள்.

"சரி, பேரு போட்டது தப்புன்னே வச்சுக்க," என்றேன். "வித்தது?"

"போன வருசம் சட்டத்தைத் திருத்துனாங்க. அன்றாடப் பட்டியல்தான் உரிமைக்கு அத்தாட்சி, அந்தக் கட்டத்துல யாரு பேரு இருக்கோ அவங்கதான் சொந்தக்காரங்கன்னு. ஒரே நாளுல நீ நாலாயிரம் பாட்டுக்குச் சொந்தக்காரி ஆயிட்ட. அதுக்கடுத்த மாசமே நம்ம உரிமத்தப் புதுப்பிக்கணும், பணம் இல்ல. மூட வேண்டிய நெலம ஏட்டி. அந்தக் கம்பெனிக்காரன் வந்தான். பட்டியலோட பட்டியலா அந்தத் தாளையும் உன்கிட்ட நீட்டுனேன். வெரல வச்ச. அவன் அத ஒண்ணொண்ணாத்தான் செவிகிட்டக் குடுத்துட்டு வாரான், மொதல்ல சிக்குனது பொன்னழகு பாட்டு."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப. அழகாச் சொல்லியிருப்ப, மைக்குல சொல்லுத மாதிரி. பொறவு வாடகையயும் உரிமத்தயும் நான்தான் பாத்திருக்கணும்." அவள் குரல் உயரவே இல்லை. "செவி போன் வரைக்கும் வரும்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. பழைய பாட்ட அவன் எங்கயோ வச்சுக்கிடட்டும், புதுசு புதுசாப் பாடிக்கிடுவாளுவன்னு நெனச்சேன்."

"அவ வந்து இங்க நின்னு புலம்பினப்போ தெரியும்ல?"

பியூலா ஹெட்போனின் வயரைச் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றி முடித்து, அவிழ்த்து, திரும்பவும் சுற்றினாள்.

"தெரியும்," என்றாள்.

திருத்த வழி இருந்தது. படைத்தவராகப் பதிவானவர் நேரில் போய், இதை நான் படைக்கவில்லை என்று உறுதிமொழி கொடுத்தால் அந்தப் பாட்டின் விற்பனை செல்லாது. ஆனால் எட்டு வருடப் பட்டியல் பொய் என்று ஒப்புக்கொண்டதாகும். நூல்கண்டின் உரிமம் அன்றே ரத்தாகும். நான் இனி எந்த இணைய ஒலிபரப்பிலும் பேசக்கூடாது. செவியிடம் என் குரலைக் கொடுத்துவிடுவார்கள். மெட்டைப் பிடிப்பது போல என்னைப் பிடிக்கும், போனில் பேசுவதை மட்டும் விட்டுவிடும்.

"ஒருத்தி பாட்டுக்காக ஆறாயிரம் பேரோட ரேடியோவ மூடப்போற," என்றாள் பியூலா. "உன் மனசு சுத்தமா இருக்கணும். அதுக்கு யாரு என்ன ஆனா உனக்கென்ன?"

அவள் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை எதிர்த்து அன்றிரவெல்லாம் மனதுக்குள் வாதாடிப் பார்த்தேன். விடிந்தபோதும் அது அப்படியே இருந்தது. இருந்தாலும் போவதென்று முடிவெடுத்தேன். நல்லவளாக இருப்பதற்காகவா, நல்லவள் என்று என்னை நானே நம்புவதற்காகவா என்று கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது.

பொன்னழகுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், கட்டம், கட்டைவிரல். ஐந்து வருடத்துக்கு முன்னால் பறந்து வந்த தாளைக்கூடச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பின்னால் விடுதிக் குழாயில் பக்கெட் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்ப எடுத்துட்டுப் போனது நீங்கதானா?" என்றாள் கடைசியில்.

"தெரியாமத்தான் பொன்னழகு."

"ஏங் கனிஷ்காவுக்கும் தெரியாது, மேடம்."

அவளை அக்கா என்று கூப்பிடச் சொன்னது நான்தான். இரண்டு வருடம் கூப்பிட்டாள். அந்தச் சொல் எங்கே போயிற்று என்று போனை வைத்த பிறகும் காதில் தேடிக்கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூர் பதிவு அலுவலகத்துக்கு இரண்டு பேரும் தனித்தனி பஸ்ஸில் போனோம். அவள் அரை நாள் லீவுக்காகச் சூப்பர்வைசரிடம் பல்வலி என்று சொல்லியிருந்தாள். அதிகாரி வயதானவர், பெயர்ப்பலகையில் குழந்தைவேலு என்று இருந்தது. என் உறுதிமொழியை இரண்டு தடவை படித்தார்.

"ஏனுங்க அம்மணி, நல்லா யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா? எம்பட வூட்டுக்காரி உங்க ரேடியோவத்தான் போட்டு வெச்சிருப்பா. அந்த மீசைப் பாட்டு வந்தா என்னையப் பாத்துப் பாத்துச் சிரிப்பா."

"யோசிச்சுட்டேங்க."

விரலை வைத்தேன். இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு வைத்தேன். ஒரு சின்ன மணிச்சத்தம் வந்தது, அவ்வளவுதான். திருப்பூரில் மாடியறையில் இரண்டு கோடுகளும் அந்த நொடியில் படுத்திருக்கும். அதைப் பார்க்கப் பியூலா அங்கே இருந்திருக்கமாட்டாள். மூன்று நாட்களுக்கு முன்பே தன் பொருட்களை எடுத்துப் போய்விட்டாள். என் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

குழந்தைவேலு திரையைப் பொன்னழகு பக்கம் திருப்பினார். என் பெயர் போயிருந்தது. அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டம், அதைச் சுற்றிச் சிவப்புக் கோடு.

"உங்க பேரச் சொல்லுங்க கண்ணு. காலியா உடக்கூடாது."

பொன்னழகு கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எம் பேரப் போட்டா நான் பாடலாமா சார்?"

"தாராளமாப் பாடலாம். உங்க குரலுக்குச் செவி வழி உட்டுரும்."

"எம் பொண்ணு பாடுனா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவ வேற ஆளுங்களே. அவளுக்கு நீங்க அனுமதி எழுதிக் குடுக்கோணும்."

"இப்பவே எழுதித் தாரேன்."

"புள்ளைக்கு என்ன வயசு?"

"நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது."

"பதினெட்டு ஆவாதவங்க அனுமதி வாங்கவும் முடியாது, குடுக்கவும் முடியாதுங்க. அதுவரைக்கும் அவ போன்ல பாடுனா உங்களுக்குக் கேக்காது."

"அப்ப அவ பேரப் போட்டா?"

"அவ பாடலாம். சொந்தக்காரி ஆச்சே."

"நான்?"

அவர் கழற்றிய கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் அவளுடைய கையைத் தொடப் போனேன். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொன்னழகு, நீ பாடினாத்தான் அவ சாப்பிடுவா. அதுக்குத்தானே இவ்வளவும்," என்றேன்.

"மேடம்." முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். "எம் பேரு இருந்தா நான் பாடுறது அவளுக்குக் கேக்கும். சரி. அவளும் கூடப் பாட வருவா. அவளுக்கு வாய அடக்கத் தெரியாது. அவ பாடுறப்ப எல்லாம் சத்தம் அந்துபோகும். அடச்சது யாருன்னு ஒரு நாளு வளந்து வந்து பாப்பா. அந்தக் கட்டத்துல ஏம் பேரு இருக்கும். அம்மா பேரு இருக்கும்."

பிறகு அதிகாரியிடம், எழுத்தெழுத்தாக, தப்பு வந்துவிடக்கூடாது என்ற பயத்தோடு சொன்னாள்: "க... னிஷ்... கா."

சிவப்புக் கோடு பச்சையானது. குழந்தையின் குரலைப் பதிவுசெய்வதற்காக நாத்தனாரின் போனைக் கூப்பிட்டார்கள். கனிஷ்காவிடம் பெயர் என்ன, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார் குழந்தைவேலு. "நீங்க யாரு, போலீசா?" என்று அது கேட்டது. இவ்வளவு போதும் என்று எழுந்துவிட்டார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நிழலே இல்லை. நான் நாலடி தள்ளி நின்றேன். பொன்னழகு திரும்பவும் ஊருக்குப் போன் போட்டாள். வீடியோவில் குழந்தை முன்னால் தட்டு இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம்.

"கனி, பொத்தான் பாட்டு நீ பாடு பாப்போம்."

"நீ பாடு."

"இனிமே அது ஓம் பாட்டு. கெவர்மெண்டுல எழுதிக் குடுத்துட்டாக. நீ பாடு, அம்மா கேக்குறேன்."

குழந்தை சந்தேகத்தோடு கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் ஆரம்பித்தது. நாலு கண்ணு பொத்தானே. சுருதி எங்கெங்கோ போயிற்று. சம்பளம் என்ற இடத்தில் சாம்பார் என்று பாடியது. எல்லாம் கேட்டது. ரோட்டில் லாரிகள் போகிற இரைச்சலுக்கு நடுவில், நாலடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. இரண்டாவது அடியில் பொன்னழகின் உதடுகள் தாமாகப் பிரிந்தன. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தைக்குத் தெரியாமல் இருக்க, இருமுவதைப் போலச் செய்தாள்.

கடைசி வரியில் பொத்தான் குழந்தையின் பெயரையே சொன்னது. குழந்தை தனக்குத் தானே சிரித்துக்கொண்டு ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டது.

"கேட்டுச்சாம்மா?"

பொன்னழகு கையை எடுத்தாள்.

"நல்லாக் கேட்டுச்சு," என்றாள்.

திருப்பூர் பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, துப்பட்டாவில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்து வெளியே விட்டாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நான் படியில் கால் வைக்கும் முன்பே தன் பையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.